முப்பத்து நான்கு வரை

கொளத்தூரில் என் கடை.
மூன்றாவது தட்டில் பதினோரு ஹீட்டர்கள்
அட்டைப்பெட்டி பிரியாமல் கிடக்கின்றன.
முன்பெல்லாம் மார்கழி பிறந்தால்
"அண்ணே, மீனுக்குக் குளுருது" என்று வருவார்கள்.
ஏஞ்சல் மூலையில் ஒண்டும், டிஸ்கஸ் கறுக்கும்.
கண்ணாடிக் குழாயின் திருகை
இருபத்தெட்டில் வைத்துக் கொடுப்பேன்.
போன மார்கழியில் வாங்கியவர் ஒரே ஒருவர்.
அவரும் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகிறவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஷட்டரை நான் பாதி தூக்கியிருக்கையில்
தேசிங்கு வந்தான்.
ரெட்டேரியில் விடிய விடிய வலை போடுகிறவன்.
பெயின்ட் வாளியை வாசலில் கவிழ்த்தான்.
"உன் சரக்கு. எண்ணிக்கோ."

கல்லுக்குக் கண் வைத்தாற்போல்
நாற்பத்து மூன்று டேங்க் கிளீனர்கள்.
என் தொட்டியில் விரல் நீளம், இருபது ரூபாய்.
இங்கே முழங்கை நீளம், கேட்க நாதியில்லை.
வலையை விரித்துக் காட்டினான்.
அவன் தலை நுழையும் ஓட்டை.
ஏரியை விட்டு வந்து ஒரு மணி நேரமாகியும்
சாகாமல்
என் சிமென்ட் படியை நக்கிக்கொண்டிருந்தன.

"கெண்டை?"
"மெதக்குது. மத்தியானத்துல போய்ப் பாரு,
வாயத் தொறந்துக்கினு மேலயே நிக்கிது.
தண்ணி சுடுதுப்பா."

எனக்கா தெரியாது?
கோடையில் கரண்ட் போய்
ஏர் பம்ப் நின்ற பிற்பகல்களில்
எது முதலில் மேலே வரும், எது அடுத்தது
என்ற வரிசை எனக்கு மனப்பாடம்.
சுட்ட தண்ணீரில் காற்று தங்காது.
கடைசிவரை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருப்பது
இதுதான், இந்த இருபது ரூபாய்.

வெள்ளம் என்றேன்.
அந்த டிசம்பரில் பின்கட்டுத் தொட்டியெல்லாம்
ரோட்டோடு ஒன்றானதே, அதில் போயிருக்கும் என்றேன்.
தேசிங்கு பதில் சொல்லவில்லை.
வெள்ளத்துக்கு இரண்டு வருடம் முன்பு
"வளந்துபோச்சு, திருப்பி எடுத்துக்குங்க" என்று
யாரோ விட்டுப்போன ஆறு மீன்களை
ஆட்டோவில் கொண்டுபோய் ஏரியில் விட்டேன்.
எங்கேயாவது நல்லா இருக்கட்டும்.
அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

வலைக்குப் பணம் கொடுத்தேன். எண்ணாமல் வாங்கினான்.

ஆவணியில், ஒரு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் உச்சியில்
நூலில் தெர்மாமீட்டரைக் கட்டிக்கொண்டு போனேன்.
லாரிகள் போகும் பாலத்துக்குக் கீழே
ஜிலேபிக் கூட்டம்.
அதற்கு மாதக் கணக்கில்லை; சித்திரையும் தையும் ஒன்று.
வாய்க்குள் முட்டையை அடக்கிக்கொண்டு
சூடு தாங்காத இடத்திலிருந்து
பேசாமல் நகர்ந்துவிடும்.

விரால் அப்படியில்லை.
ஓரத்துப் புல்லை விலக்கி
கேழ்வரகைத் தூவினாற்போல் முட்டையிட்டு
கீழே காவல் நிற்கும்.
மூச்சுக்கு அது பயப்படாது,
மேலே வந்து ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டுப் போகும்.
குடிக்கத் தெரியாதது அந்தக் கேழ்வரகுதான்.
ஏரியில் முதலில் சுடுவதும் ஓரம்தான்.

பாதி மணிகள் வெளுத்திருந்தன.
நூலை இறக்கினேன்.
முப்பத்தாறு.

என் அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள்
இருபதில் தொடங்கும்,
முப்பத்து நான்கில் திருகு நின்றுவிடும்.
அதற்குமேல் எந்த மீனுக்குத் தேவைப்படும் என்று
தயாரித்தவன் நினைத்திருப்பான்.

குனிந்து நின்றேன்,
என் நிழல் அந்தப் புல்லின்மேல் விழும்படி.
சட்டை முதுகோடு ஒட்டியது.
அடியில் ஏதோ கறுப்பாய்த் திரும்பியது.

பிறகு விரால் பாய்ந்தது.
தெர்மாமீட்டரைக் கவ்வி
நூலோடு என் விரலை
ஒரு வெட்டு வெட்டி இழுத்தது.